மூன்றாம் நம்பர் டோக்கன்

வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் உள்ளே வைத்த பஞ்சுத் துணிகளை எண்ணிப் பார்ப்பது எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் உள்ள வழக்கம்தான். நான் மட்டும் நர்ஸ் எண்ணி முடித்த பிறகு இன்னொரு தடவை எண்ணச் சொல்வேன். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இதற்காக என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இது நைனாவிடமிருந்து வந்த பரம்பரை வியாதி.

எங்கள் மாரிகுப்பம் லைன் வீடுகளில் அப்பா என்றால் நைனாதான். இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் என்ற ஆழ்குழியில் இறங்கி ஏறியவர். கீழே போகிறவர்கள் பலகையில் தொங்கும் தங்கள் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நைனாவோ எங்கள் ஒற்றை அறை வீட்டின் கதவுக்குப் பின்னால் மூன்று ஆணி அடித்து, பவுடர் டப்பா மூடியை வெட்டி மூன்று டோக்கன் மாட்டிவிட்டார். ஒன்று அவர், இரண்டு அம்மா, மூன்று நான். குழாயடிக்குப் போனாலும் டோக்கனோடுதான் போக வேண்டும். அந்த வீட்டில் மாட்டி வைக்க வேறு பெரிதாக ஒன்றும் இல்லாததால் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது இலவச விடுதிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ரயிலில் பங்காருபேட்டைக்குப் போய் எழுத வேண்டும். தேறினால் பன்னிரண்டாவது வரை சோறும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் நாலைந்து வருஷத்தில் நானும் அம்மாவோடு பெங்களூர் கார்மென்ட்ஸுக்கு ரயிலேற வேண்டியதுதான். தேர்வுக்கு முந்தின நாள், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டில் சறுக்கி விளையாடியதில் என் டோக்கன் எங்கேயோ விழுந்துவிட்டது. நான் லேசுப்பட்டவளா? ஒரு சோடா மூடியைத் தட்டி ஓட்டை போட்டு மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டேன். மங்கிய பல்பு வெளிச்சத்தில் நைனா ஏமாந்துபோனார்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் கிளம்பும்போதுதான் என் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"டோக்கன் தொலஞ்சிடுச்சி நைனா."

அவர் அடிக்கவில்லை. சோடா மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"ட்ரெயின் போவப் போவுது, வழிய வுடுங்க" என்றாள் அம்மா.

"டோக்கன் இல்லாம யாரும் கீழ போவக் கூடாது."

"இது இன்னா ஷாஃப்டா? பங்காருபேட்டைங்க."

அவர் வாசலை விட்டு நகரவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. நான் அழ ஆரம்பித்தேன். அப்போதுதான் முதல் ஆணியிலிருந்து தன் டோக்கனை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இத எடுத்துக்கினு போ. வந்ததும் நீயேதான் மாட்டணும்."

"அப்போ உங்க டூட்டி?" என்றாள் அம்மா. பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் அவர் வாட்ச்மேன். அதே ரயிலில்தான் போக வேண்டும்.

"டோக்கன் புள்ள கையில இருக்குது. நான் எப்படி வெளிய போவறது?"

இந்த மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்று அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓடினாள். நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் என்னை யாரோ தூக்கிப் போட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினோம். "உங்க நைனா காலையிலேருந்து வாசப்படி தாண்டல" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். உள்ளே அவர் ஆணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. அம்மா தன்னுடையதை மாட்டினாள், நான் நைனாவின் டோக்கனை முதல் ஆணியில் மாட்டினேன். அவர் எழுந்து அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "எல்லாரும் வந்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டை இழுத்தார்.

அந்தத் தேர்வில் தேறி, விடுதியில் வளர்ந்து, அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். நைனாவின் கூட்டாளி ஒருவர் ஒருநாள் அவசரத்தில் டோக்கன் எடுக்காமலே கீழே போய்விட்டார். ஷிஃப்ட் முடிந்தபோது பலகையில் ஒரு ஆணிகூடக் காலியாக இல்லை. அதைப் பார்த்து, எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னது நைனாதான். கல் சரிந்து அடியில் சிக்கிக் கிடந்தவரை இரண்டு ஷிஃப்ட் கழித்துத்தான் எடுத்தார்கள். உயிர் இருந்தது, ஒரு கால் போய்விட்டது.

பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தனை பாடுபட்டு எழுதிவிட்டு வந்திருக்கிறேன், பரீட்சை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே கோபம். ஆணிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். நைனா பாட்டுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.