பன்னிரண்டு படி தவில்

எழுபதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு ரேடியோ செட் கடையில் வேலை பார்த்தேன். ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எரித்துவிட்டதால் முதலாளி வெளியே அனுப்பினார். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது ஐந்தாவதோ ஆறாவதோ ஊர். இரண்டு சட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நின்றபோது கடையில் என்னைப் பார்த்திருந்த வாடகைக் கார்க்காரர் ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார்.

அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து டேப் கொண்டுவந்து கொடுத்திருந்தார். காரில் மாட்டியாயிற்று. சத்தம்தான் சரியில்லை.

"நாயனம் கேக்குது, தவுலு கேக்கல. தவுலு இல்லாம மாப்பிள்ளைய எப்படிய்யா கூட்டிட்டுப் போறது? எழவு வீட்டுக்குப் போற மாதிரியில்ல இருக்கு."

"பெரிய ஸ்பீக்கரும் பெட்டியும் வேணும்ணே. டிக்கியில வைக்கலாம்."

"டிக்கியில சேலைக் கட்டு ஏத்தி மதுரைக்குப் போறேன். ஆறு கட்டு. ஆறும் ஏறணும். அஞ்சுதான் ஏறுச்சுன்னா பெட்டியோட ஒன்னையும் சேத்து பஸ்ஸுல ஏத்தி விட்டுருவேன்."

"தவுலு கேட்டுச்சுன்னா?"

"முகூர்த்தம் முடியுற மட்டும் கார்லயே இரு. செட்டு ஒம் பொறுப்பு. மூணு நேரமும் சோறு."

அப்போது நான் ஒரு நேரம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டுகள் போக டிக்கியில் மிஞ்சியது ஒரு மூலைதான். பின்சக்கரத்தின் மேல்மூடிக்கும் தகரத்துக்கும் நடுவே, பூசணிக்காயைக் கடித்துத் துப்பியதுபோல ஓர் இடம். பலகைப் பெட்டி அதில் உட்காராது. எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. பக்கத்துக் கோயிலில் ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் இருந்தது. காருக்கு வாங்கிய அதே எட்டு அங்குல ஸ்பீக்கர்தான் அதிலும். அதில் மட்டும் தவில் தவிலாகவே கேட்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு உள்ளே கம்புத் தானியம் கொட்டி அளந்தேன். பன்னிரண்டு படி பிடித்தது. அந்த மூலையில் பன்னிரண்டு படிக்கு இடம் தேட வேண்டியதாயிற்று.

நெசவுத் தெருவில் பாவுக்குக் கஞ்சி போட்டால் நூல் விறைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூலையில் எண்ணெய்க் காகிதம் ஒட்டி, அதன் மேல் புளியங்கொட்டைப் பசையில் முக்கிய பழைய வேட்டித் துணியை ஏழு மடிப்பாக அப்பினேன். பாதி காய்ந்ததும் உரித்தெடுத்தபோது மூலையின் அச்சு அப்படியே வந்தது. தெருவில் வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓர் ஆடு பாதிப் பெட்டியைத் தின்றிருந்தது.

ஆட்டுக்காரி என்னைத்தான் திட்டினாள். "திங்கிற பண்டத்த நடுத்தெருவுல வச்சா ஆடு திங்காம கும்பிடவா செய்யும்? அதுக்கு வயித்தால போச்சுன்னா ஒன்னத் தேடி வருவேன், ஆமா."

மறுபடி அப்பினேன். இந்த முறை பசையில் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரமும், ஆடு வாய் வைக்காதபடி மயில்துத்தமும் கலந்தேன். காய்ந்ததும் தட்டினால் பானைபோல ஒலித்தது. முகத்துக்கு மாம்பலகை அறைந்து, ஸ்பீக்கர் துளை வழியாகக் கம்பைக் கொட்டினேன். பத்துப் படியிலேயே நிரம்பிவிட்டது.

இரண்டு படிக்காக அந்த டிக்கிக்குள் அரை நாள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். நிறுத்தி வைத்திருந்த ஸ்டெப்னியின் குழிந்த பக்கம் எதிரே வெறுமனே கிடப்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. பெட்டிக்கு அந்தப் பக்கமாகத் தொப்பை வைத்தேன். அளந்தேன். பன்னிரண்டு படி, கோபுரம் கட்டி.

வியாழக்கிழமை கட்டுகள் வந்தன. ஐந்து ஏறின. ஆறாவது கட்டு பெட்டியில் இடித்து நின்றது. கார்க்காரர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். நான் கட்டை இறக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பித் தள்ளினேன். டிக்கி மூடிக்கொண்டது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்து டேப்பைப் போடச் சொன்னார். முதல் அடி விழுந்ததும் முதுகைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, முதுகுல குத்துறான்டா!"

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளையோடு திருச்சுழிக்குப் போனோம். நான் முன்சீட்டில் டேப்பின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மண்டப வாசலில் வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் கையை நிறுத்திவிட்டுக் காருக்குள் குனிந்து பார்த்தார்.

"உள்ள வாசிக்கிறது யாருய்யா?"

கார்க்காரர் என்னைக் கைகாட்டினார். "இவன்தான். நம்ம கார்லதான் இருக்கான்."