பச்சை காட்டிய பெட்டி

என் வலது மணிக்கட்டு சற்றுக் கோணல். மில்லில் ஆனதா என்று கேட்பார்கள். நூல் மில்லில் அத்தனை வருஷம் மெஷினோடு நின்றவள் நான். மெஷின் என்னை ஒன்றும் செய்ததில்லை. இது ஒரு மனுஷன் முறுக்கி ஒடித்தது.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டிக் கம்பம் நட்டு, காற்றை அளக்கிற பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அதன் கீழே ஒரு பலகை. காற்று நன்றாக இருந்தால் பச்சை எரியும், கெட்டால் சிவப்பு. போனிலும் பார்க்கலாம், நாம் நிற்கிற இடத்தைத் தானே கண்டுகொண்டு, பக்கத்துப் பெட்டி காட்டுகிற நிறத்தைக் காட்டும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நிறம் பார்க்க எழுத்து வேண்டாமே.

கம்பத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பழைய இரும்புக் கடை. கடைக்காரன் செம்பு எடுக்க வயரைக் குவித்து எரிப்பான். மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் புகை மொத்தமும் மேற்கே எங்கள் பக்கம் வரும். பெட்டி கிழக்கே இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. என் மருமகளுக்கு வீசிங். புகை நுழைந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும்.

கேட்கப் போனால் அவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவான்.

“பாரு ஆயா, பச்ச. கெவுருமெண்டே நல்ல காத்துன்னு சொல்லுது. ஒன் மருமவளுக்கு வேல செய்ய ஒடம்பு வணங்கல, இருமிக் காட்றா.”

அன்றே அவனை அடித்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த ஆட்டோக்காரர்கள், அதுவும் மெஷின்தானே என்று பெட்டிக்கும் பொட்டு வைத்து, அள்ளி அள்ளிச் சாம்பிராணி போட்டுக் காட்டினார்கள். பலகை சிவந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டியை மாட்டிய ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. அதிகாரி எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். நாங்கள் எத்தனையோ முறை போய் அழுதும் வராத ஜீப். அதை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம் மருமகளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. மகன் அவளை ஆட்டோவில் போட்டுக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இன்னொரு தடவை இந்தப் புகையில் விழுந்தால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் திரும்பி வருவதற்குள் அந்த நெருப்பு அணைய வேண்டும்.

கடைக்குள் நுழைந்தேன். அங்கே கிடந்த மண்வெட்டியால் எரிகிற வயரை வழித்து ஓர் இரும்புச் சட்டியில் போட்டு, முந்தானையால் சட்டியின் காதை இடது கையில் பிடித்துக்கொண்டு, மண்வெட்டியோடு கம்பத்தைப் பார்த்து நடந்தேன்.

“ஏ கெழவி, கீழ வைடி!”

கம்பத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்தான். திரும்பி மண்வெட்டியால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவன் என் வலது கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. மண்வெட்டி விழுந்தது, சட்டியை விடவில்லை. இடுப்பில் உதைத்தான். நான் சட்டியோடு போய்க் கம்பத்தடியில் விழுந்தேன். தணல் என் புடவையிலும் அவன் காலிலும் சிதறியது. அவன் அலறினான். ஆட்டோக்காரர்கள் பாய்ந்து என் புடவை நெருப்பை அடித்து அணைத்தார்கள். அவனைக் குப்புறத் தள்ளி மிதித்தார்கள்.

“வயசான பொம்பள மேலயா கைய வச்ச? எந்திரிடா பாப்போம்!”

கரும்புகை நேரே பெட்டிக்குள் ஏறியது. பலகை சிவந்தது. ஜீப் வந்தது.

“யாரும்மா மெஷினுக்குக் கீழ நெருப்பு வச்சது?”

“நாந்தான். இது கொஞ்சம். மிச்சம் அங்க எரியுது, வாங்க.” இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கடை வாசலிலேயே அதிகாரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கடைக்காரன் மூக்கைப் பொத்தியபடி, பழக்க தோஷத்தில் அவரிடமும் போனை நீட்டினான்.

“பாருங்க சார், நல்ல காத்து...”

போனில் சிவப்பு. அவனே பார்த்து வாயை மூடிக்கொண்டான். தண்ணீர் ஊற்றி நெருப்பை அவிக்கச் சொல்லி, அங்கேயே நின்று கடைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மருமகள் கட்டிலுக்குப் போனேன். முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கினாள்.

“ஏன் அத்த, அந்தாளு மூஞ்சியில மம்மட்டியால ரெண்டு போட்டீங்களாமே, தெருவே பேசுதாமே?”

நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் கேட்டாள்.

“ஒண்ணுதாண்டி. ரெண்டாவது போடறதுக்குள்ள கைய ஒடிச்சிட்டான்.”

சிரித்தாள். இருமல் வருமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.