விற்றவர் வீட்டு நடுவர்

இன்று போர்ட் பிளேர் மின்னி பேயில் ஜாக்குலின் அக்காவைச் சந்தித்தேன். சட்டம் படிக்கிறவள் நான். இப்போதுதான் வீடு திரும்பினேன். வந்த வேகத்தில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒரு சின்ன ஐஸ் பிளாண்ட் நடத்துகிறார். ஆறு மீன்பிடிப் படகுகள் அவரிடம்தான் ஐஸ் எடுத்தன. போன வருடம் சென்னைக் கம்பெனி ஒன்றில் புது கம்ப்ரஸர் வாங்கினார். நான்காம் மாதமே நின்றுவிட்டது. மாற்றித் தரச் சொன்னால் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, கம்பெனி நியமிக்கும் நடுவர்தான் தீர்ப்பு சொல்வார்.

அந்த நடுவர் யார் தெரியுமா? அதே கம்பெனியின் பழைய மேனேஜர். இன்றைக்கும் அங்கே ஆலோசகர்!

சட்டம் இதைத் தடுக்கத்தான் செய்கிறது. ஒரு தரப்பின் ஆலோசகர் நடுவராக உட்கார முடியாது. ஆனால் ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள். தகராறு வந்த பிறகு இரண்டு தரப்பும் 'சம்மதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உட்காரலாம்.

அந்தக் காகிதத்தோடுதான் வந்தார் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட், ஷாதிபூர்க்காரர் பன்னீர்செல்வம். மெயின்லேண்டுக்கு அவசரக் காகிதம் என்றால் இங்கே கப்பலேறுகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். நின்ற இடத்திலேயே கையெழுத்து, வாசிக்கிற வழக்கமே இல்லை. அக்காவை ஜெட்டிக்கே வரச் சொல்லிவிட்டார்.

“அக்கா, ஜல்தி! போர்டிங் முடியப் போகுது.”

“என்ன பேப்பர் இது, முழுக்க இங்கிலீஷ்ல?”

“சும்மா ஃபார்மாலிட்டிதான்க்கா. இது போனாத்தான் உங்க கேஸையே எடுப்பாங்க.”

யாரோ ஒருவரின் சூட்கேஸ் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

விசாரணை நடந்தது சென்னையில், கம்பெனி ஆபீஸிலேயே. “டீ குடுத்தானுவ தங்கச்சி, கப்புல கம்பெனி பேரு. அந்த நடுவரு பன்னீரப் பாத்து, ‘என்னப்பா, இந்தத் தடவ மீன் கொண்டு வரலியா’ன்னு கேக்காரு. என் முன்னாலயே! வெக்கமில்லாத பயலுவ.”

தீர்ப்பு: மெஷினில் கோளாறு இல்லை, போர்ட் பிளேர் உப்புக் காற்றுதான் காரணம்.

“உப்புக் காத்து இல்லாத ஊர்ல மீன்காரனுக்கு எதுக்கு சார் ஐஸு?” என்று அங்கேயே கேட்டாராம் அக்கா. நடுவர் ஃபைலை மூடிவிட்டு மணியைப் பார்த்தாராம். தூ!

நான்கு படகுகள் வேறு பிளாண்டுக்குப் போய்விட்டன. தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக மூன்று மாதம் உண்டு, அதில் பதினோரு நாள்தான் பாக்கி. அந்தச் சம்மதக் கையெழுத்து குறுக்கே நிற்கும் என்கிறார் வக்கீல்.

“நிக்கட்டும். ஏமாத்தித்தான் வாங்குனான்னு ஜட்ஜு முன்னால சொல்லணும். மனுவ எழுதச் சொல்லிட்டேன்” என்றார் அக்கா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கோர்ட் கூட்டத்தைக் குறைக்கிறோம், வியாபாரத் தகராறைச் சீக்கிரம் முடிக்கிறோம் என்று இந்த நடுவர் சட்டத்தை எத்தனை முறை திருத்தினார்கள்! இந்த ஓட்டையை அடைக்காமல் சீக்கிரம் முடித்து யாருக்கு லாபம்?

பழைய மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து அக்கா பாதி பிளாண்டை ஓட்டுகிறார். மின்னி பே பக்கம் போனால் அவரிடம் ஐஸ் வாங்குங்கள். ஒப்பந்தம் போடப் போகிற கடைக்காரர், படகுக்காரர் யாரைத் தெரிந்தாலும் இதை இன்றே அனுப்பிவிடுங்கள்.