பச்சை மாத்திரை அட்டை

என் பழைய நாட்குறிப்பு ஒன்றின் நடுவே ஒரு காலி மாத்திரை அட்டை இருக்கிறது. பச்சை நிறம். பத்துக் குழிகளும் அழுத்தித் திறக்கப்பட்டவை. யாரோ ஒரு பெண் முந்தியில் முடிந்து வைத்திருந்த மடிப்பு ஒரு மூலையில் இன்னும் நிமிரவில்லை. அதை என்னிடம் கொடுத்தவர் உசிலம்பட்டிச் சந்தைக்கு அருகில் மருந்துக்கடை வைத்திருந்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது நான் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வாரம் இரண்டு நாள் உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம். மற்ற பிரதிநிதிகள் டாக்டரைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். நான் அண்ணன் கடையில் ஒரு மணி நேரம் நின்று, யார் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொள்வேன். அங்கே யாரும் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. காலி அட்டையை நீட்டுவார்கள். அதை மறந்து வந்தவர்கள் நிறத்தைச் சொல்வார்கள். "சக்கரைக்குப் பச்சை ஒண்ணு, பிரசருக்கு ரோஸு ஒண்ணு குடுங்கண்ணே." அந்தப் பச்சை எங்கள் கம்பெனியின் மாத்திரை. கவனித்ததையெல்லாம் மூன்று பக்க அறிக்கையாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். 'இப்பகுதி நோயாளி பெயரை நம்புவதில்லை, நிறத்தை நம்புகிறார்' என்ற வரியை நான்கு முறை திருத்தி எழுதிய நினைவு.

அடுத்த ஆண்டு புதிய சர்க்கரை மாத்திரை வந்தது. இரண்டு மருந்து சேர்ந்தது, பழையதைவிட வீரியம் கூடியது. பெயர் பழையதே; கடைசியில் 'பிளஸ்' என்று ஒரு சொல். அட்டையும் அதே பச்சை. பழைய மாத்திரை சம்பாதித்த நம்பிக்கையில் புதியது தானாக விற்கும் என்பது திட்டம். அறிமுகக் கூட்டத்தில் என் வரியைத் திரையில் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

முதல் பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது அண்ணன் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏந் தம்பி, உங்க கம்பெனிக்கு ஒலகத்துல வேற கலரே கெடைக்கலையா? ரெட்டப் புள்ள பெத்தவளே கையில கயிறு கட்டித்தான் அடையாளம் வச்சுக்கிறா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சந்தை அன்னைக்கி நிக்கிற கூட்டத்துல எனக்கே கை மாறும். என்னைக்காவது ஒருத்தன் விழுவான். மேலிடத்துக்கு எழுதுங்க." யாரோ விட்டுப்போன காலி அட்டை ஒன்று மேசையில் கிடந்தது. அதை என் கையில் வைத்து, "சாட்சிக்கு வச்சுக்கங்க" என்றார்.

அவர் பார்க்க, அவர் சொன்னதை அப்படியே நாட்குறிப்பில் எழுதினேன். கம்பெனிக்கு அனுப்பிய அன்றாட அறிக்கையில் எழுதவில்லை. அதில் 'கடைக்காரரைச் சந்தித்தேன். வரவேற்பு நன்று' என்றிருந்தது. எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வரிக்கு எதிராக நானே எழுத மனம் வரவில்லை.

விழுந்தவர் ஒரு மாட்டுத் தரகர். சந்தை நாளில் அவர் மனைவி நீட்டிய பழைய பச்சைக்குப் பதிலாக அண்ணன் பிளஸ்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் தரகர் சர்க்கரை இறங்கி மயங்கி, மாடு ஏற்றும் வண்டியின் பலகையில் தலை மோதி விழுந்தார். உயிர் தப்பியது, பேச்சு திரும்பவில்லை.

விசாரணை வந்தது. பெயரைப் படித்துக் கொடுத்திருக்க வேண்டியது தன் கடமை என்பதை அண்ணன் மறுக்கவில்லை.

"தப்பு என் கையிதான் தம்பி. ஆனா நான் முன்னாடியே சொன்னேன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, பாதித் தப்பு உங்க கம்பெனி வாசல்ல போயி நிக்கும். இல்லைன்னா ஊருக்குள்ள என்னைய மனுசனா மதிக்க மாட்டாய்ங்க."

வட்டார மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "டைரி உன் சொந்தச் சமாச்சாரம்ப்பா. ரிப்போர்ட்ல இருக்கா? இல்லைல்ல? அப்ப அவரு சொல்லவே இல்ல" என்றார். தலைமை அலுவலகத்தின் தயாரிப்புத் திட்டப் பிரிவுக்கு என்னை அவர் பரிந்துரைத்திருந்த சமயம் அது.

மறுநாள் அண்ணனிடம் நாட்குறிப்பு தொலைந்துவிட்டது என்று சொன்னேன். "நீங்களா? தொலைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கடையின் உரிமம் ரத்தானது. நான் தயாரிப்புத் திட்டப் பிரிவுக்குப் போனேன். ஓராண்டு கழித்து, சத்தமில்லாமல், பிளஸ் அட்டை ஊதா நிறத்துக்கு மாறியது. அந்தக் கோப்பில் இருப்பது என் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் 'கடைகளில் எளிதில் கண்ணில் படுவதற்காக' என்று எழுதியிருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். பூஜைச் சாமான் கடை ஒன்றில் அண்ணன் கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி. இங்க கை மாறிக் குடுத்தாலும் சாமி விழுகாது."

பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "டைரி கெடச்சுச்சா?"

"இல்லண்ணே."

"கெடைக்காது" என்றார். அடுத்த ஆளுக்கு விபூதி எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் ஆண்டு வரிசைப்படி நிற்கும் நாட்குறிப்புகளில் அதை எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. தேதி, கிழமை, அண்ணன் சொன்ன ஒவ்வொரு சொல், எல்லாம் இருக்கின்றன. மை மங்கவில்லை. பச்சை அட்டையின் மடிப்பை நகத்தால் நீவிப் பார்த்தேன், நிமிரவில்லை. இருந்த பக்கத்திலேயே வைத்து மூடினேன். பிறகு இந்த ஆண்டு நாட்குறிப்பைத் திறந்து அன்றைய பக்கத்தில் எழுதினேன்: 'கடைக்கார அண்ணனைச் சந்தித்தேன். வரவேற்பு நன்று.'