மூன்றாம் வகுப்பில் தொக்கு எடுத்தவள்

என் மகள் மூன்றாம் வகுப்பு லீடர் ஆன செய்தி எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. தெரியவைத்தவள் நான்தான். சீருடையில் சிவப்பு பேட்ஜைக் குத்திக்கொண்டு அவள் வேனிலிருந்து இறங்கியதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். சித்தப்பாக்களும் மாமாக்களும் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். போட்டோவில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வயிற்றுவலி தொடங்கியது. காலையில் ஷூ லேஸ் கட்டும் நேரத்துக்குச் சரியாக வரும். வேன் போய்விட்டால் தானும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காது. வாராந்திர விடுமுறை எடுத்துக்கொள்ளும் வலி எப்படிப்பட்டது என்று வேதியியல் முதுகலை படித்த எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் வேறு மாதிரி யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சாப்பிடுகிறாள், மற்ற நாட்களில் அவசரமாக விழுங்குகிறாள், ஆகவே இது விழுங்குவதில் வந்த கோளாறு. அன்றிலிருந்து அவளை அரை மணி நேரம் முன்னதாக எழுப்பினேன். வலியும் அரை மணி நேரம் முன்னதாக வந்தது.

அந்தப் பருவத்தில் பள்ளிக்கூடத்துக்கே மூச்சு வாங்கியது. அரையாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாம் அடுத்தடுத்து வரிசை கட்டி நின்றன. நாளைக்குப் பச்சைப் பாவாடை வேண்டும் என்று இன்று ராத்திரி செய்தி வரும். மறுநாளைக்குக் களிமண்ணில் எரிமலை. நாமக்கல் பஜாரில் பச்சைத் துணி எந்தக் கடையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வேறு போட்டார்கள். "ஸ்கூல் எப்படி இருந்ததுன்னு கேக்காதீங்க. இன்னைக்கு எதுக்குச் சிரிச்சேன்னு கேளுங்க, குழந்தை தானா மனசைத் திறக்கும்" என்றார் பேச வந்தவர்.

கேட்டேன்.

"இன்னைக்கு எதுக்குக் கண்ணு சிரிச்ச?"

"மிஸ் தும்முனாங்க. மைக் ஆன்ல இருந்துச்சு."

"அப்பறம்?"

"மறுபடி தும்முனாங்க."

மனசு அதோடு மூடிக்கொண்டது.

குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் பிரச்சனையா பாப்பா?" என்று அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர், கிளாஸ் லீடரே இவதானுங்க" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்.

இதற்குள் மதிய டப்பாவும் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகத் திரும்பி வர ஆரம்பித்தது. சமையல்தான் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். தயிர்சாதத்தில் மாதுளை முத்து பதித்தேன். வெள்ளரிக்காயை நட்சத்திரமாக வெட்டினேன். கேரட்டில் ஒரு முயல்கூடச் செய்தேன். முயல் காது வாடிப்போய்ச் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தது.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே இருக்கும் வீட்டுக்கார அக்கா ஒருநாள் படியில் மறித்தார்.

"ஏங்கண்ணு, புள்ள இப்படி எளைச்சுப் போச்சு? தொக்கு எடுத்தியா?"

"டாக்டர்கிட்டக் காட்டிட்டேனுங்கக்கா."

"டாக்டரு என்னத்தக் கண்டாரு? தின்னது எதோ தொண்டையில சிக்கிட்டுக் கெடக்கும். ஊதி எடுத்தா ஒரே நாள்ல புள்ள தவ்விட்டுத் திரியும். வேலூர் ரோட்டுல ஒரு அம்மா எடுக்குது, போயிட்டு வா."

படித்தவள் இதற்கெல்லாம் போகலாமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். போகாமல் இருந்து நிஜமாகவே ஏதாவது சிக்கியிருந்தால்? என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். அவரைக் கேட்டால் அறிவியல்பூர்வமாக ஏதாவது சொல்வார் என்று நம்பினேன்.

"டீசல் பைப்பு அடைச்சா நாங்களும் ஊதித்தான் உடறோம். போயிட்டு வா" என்றார்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். கொரோனாவுக்குக்கூட அவ்வளவு பக்தியாகப் போட்டதில்லை. அந்த வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இன்னொரு முகக்கவசம். கண்ணை வைத்து ஆளை அடையாளம் தெரியாமல் போயிருக்கும், ஆனால் அவள் மடியில் உட்கார்ந்திருந்த பையன் எங்கள் பள்ளிச் சீருடையில் இருந்தான். என் மகளின் வகுப்பேதான். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உடனே இருவரும் சுவரில் மாட்டியிருந்த ஒரே காலண்டரைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினோம்.

தொக்கு எடுக்கும் அம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். என் மகளின் தொண்டையில் விளக்கெண்ணெய் தடவினார். "வாயத் தொறக்கப்படாது சாமி, தொறந்தா தொக்கு உள்ள போயிரும்" என்றார். கழுத்தில் ஒரு சின்னக் குழாயை வைத்து மூன்று தடவை ஊதினார். பிறகு தலையைத் திருப்பி, கையில் இருந்த வெற்றிலையில் துப்பினார். அதில் அரை நிலக்கடலை கிடந்தது.

"பாத்தீங்களா? இதுதான் புள்ளையப் படுத்தி எடுத்துருக்குது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலை மிட்டாய் கொடுத்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் என் காதோரம் வந்தாள்.

"அம்மா, அந்தம்மா ஊதறதுக்கு முன்னாடியே ஒரு கன்னம் உப்பலா இருந்துச்சு. ஊதுனப்பறம் இல்ல."

"சும்மா இரு. வவுறு இப்ப எப்படி இருக்குது?"

அவள் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வாழைத் தோப்பைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

"சரியாயிரும்னு நெனைக்கறேம்மா."

சரியாகித்தான் போனது. இரண்டே நாளில் ஷூ லேஸை அவளே கட்டிக்கொண்டு ஓடினாள். டப்பா கழுவி வைத்ததுபோல் காலியாக வந்தது. நான் கற்ற வேதியியலெல்லாம் அரை நிலக்கடலையிடம் தோற்றுப்போனது. வீட்டுக்கார அக்காவுக்கு ஒரு சீப்புப் பூவன்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்ட தோரணையில் ஒரு மருத்துவக் கல்லூரியே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. தெரியாத எண்.

"ஏனுங்க, பாப்பாவோட அம்மாங்களா? நாம ஒருக்கா பாத்துருக்கமுங்க."

"எங்கீங்க?"

"அதானுங்க... காலண்டர் மாட்டிருந்துச்சுங்களே, அங்க."

"ஓ. ஆமாங்க, ஆமாங்க."

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க பாப்பா கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் தொக்கு எடுக்குதாமுங்க. என்ற பையனுக்கே ரெண்டு தடவ எடுத்துருக்குது. ஜூஸ் குடிக்கற ஸ்ட்ராவை வெச்சு ஊதுதாமா. ஏழாம் வாய்ப்பாடு சிக்கியிருக்குதுன்னு சொல்லி ரப்பர் துண்டு எடுத்துக் காட்டிருக்குது. இவன் அதுக்கப்பறம் வாய்ப்பாடு கடகடன்னு சொல்றான், அது வேற விசயம். ஆனா வாயில ரப்பர வெச்சுக்கிட்டு ஊதுதுங்களே, தொண்டைக்குள்ள போயிட்டா என்னங்க பண்றது?"

மன்னிப்புக் கேட்டேன். அவளும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று இருவருக்குமே தெரியவில்லை.

மகள் தரையில் உட்கார்ந்து எரிமலைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். திட்டத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது.

"ஏன் சாமி அப்படிப் பண்ணுன?"

"தொக்கு எடுத்தா யாரும் பேச மாட்டாங்கம்மா. வாயத் தொறந்தா உள்ள போயிரும்னு சொல்லிட்டேன். எல்லாரும் வாய மூடிட்டு லைன்ல நிப்பாங்க."

"பேசுனா உனக்கென்ன?"

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் லீடரும்மா. மிஸ் எல்லாம் டான்ஸ் பழக்கப் போயிருவாங்க. பேசறவங்க பேர நான்தான் போர்டுல எழுதோணும். மறுபடியும் பேசுனா பேருக்குப் பக்கத்துல இன்ட்டு போடோணும். மிஸ் வந்து அவங்கள நிக்க வெப்பாங்க. அப்பறம் அவங்க என்னைய சாப்பாட்டு ரவுண்டுல சேத்திக்க மாட்டாங்க."

"எழுதாம உட்டா?"

"மிஸ் என்னைய நிக்க வெப்பாங்க."

"அப்ப நீ எங்க உக்காந்து சாப்புட்ட?"

"தண்ணி டேங்க்கிட்ட." பெயின்ட் பிரஷைத் தண்ணீரில் ஆட்டினாள். "தனியா சாப்பிட்டா பசிக்க மாட்டேங்குதும்மா."

நான் வெட்டி அனுப்பிய நட்சத்திரங்களை அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மென்றிருக்கிறாள். எரிமலையின் ஒரு பக்கத்துக்கு நானும் கொஞ்ச நேரம் பெயின்ட் அடித்தேன். ஏற்கெனவே அடித்த பக்கம்.

"இப்ப சேத்திக்கறாங்களா?"

"இப்பவா?" சட்டென்று முகம் மலர்ந்தது. "என்ற பக்கத்துல உக்கார சண்டையே நடக்குது. டாக்டர்னு கூப்பிடறாங்க. முறுக்கெல்லாம் தர்றாங்க."

என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ரப்பர் தொண்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வைத்தியத்தை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினால் அவள் மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போவாள். பேட்ஜ் இருக்கும்வரை இதுதான் கதி.

மறுநாள் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் எதைச் சொன்னாலும் "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வருகிறவள் நான். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஆடிட்டோரியத்தில் பச்சைப் பாவாடைகள் குதித்துக்கொண்டிருந்தன. மிஸ் ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் திருத்தாத விடைத்தாளுமாக நின்றிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியுங்க மேடம். போன வாரம் கிளாஸ்ல சத்தமே இல்ல. எனக்கு பயமாப் போச்சு. சத்தம் கேட்டா உசுரோட இருக்குதுங்கன்னு நிம்மதியா இருப்பேன். ஓடிப்போய்ப் பாத்தா எல்லாம் கழுத்த நீட்டிட்டு லைன்ல நிக்குதுங்க" என்றவர் அடக்க முடியாமல் சிரித்தார். "ஸ்ட்ராவ வாங்கி வெச்சுட்டேன். மறுநாளே வேற ஸ்ட்ரா கொண்டுவந்துருச்சு."

"மிஸ், அவள லீடர்ல இருந்து எடுத்துருங்க."

அவருடைய சிரிப்பு நின்றது. "ஏனுங்க? அமைதியான புள்ளைங்க அது. அத மாதிரி இருந்தாத்தான் கிளாஸ் எனக்கு அடங்கும். உங்களுக்குப் பெருமைதானுங்களே?"

சரிங்க மிஸ் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"அமைதியான புள்ளைதானுங்க மிஸ். அதுனாலதான் ஒண்ணும் சொல்லாம தண்ணி டேங்க்கிட்ட உக்காந்து தனியாச் சாப்பிட்டிருக்குது. தெனமும் வவுத்துவலின்னு வந்துச்சு. அவளும் ஒரு நாளாவது பேசட்டுமுங்க."

மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது. குரல் உயர்ந்த கடைசி வாக்கியம் ஆடிட்டோரியம் முழுக்கக் கேட்டது. பச்சைப் பாவாடைகள் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. மிஸ் அவசரமாக மைக்கை அணைத்தார். விடைத்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு, "தண்ணி டேங்க் விசயம் எனக்குத் தெரியாதுங்க" என்றார் மெதுவாக. "ரோல் நம்பர் வரிசையில தெனம் ஒருத்தர லீடர் ஆக்கிடறேன். எல்லாரும் எழுதட்டும், எல்லார் பேரும் வரட்டும்."

திரும்பும் வழியில் பழையபடி சந்தேகம் பிடித்தது. தலைமைப் பண்பு என்று ஏதோ சொல்வார்களே, அதை நான் இன்று கிள்ளிப் போட்டுவிட்டேனா? பெரியவளாகி, 'உன்னாலதாம்மா' என்று கேட்பாளா? குடும்பக் குழுவுக்கு என்ன சொல்வது? சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் பக்குவமாகப் பேச்சை எடுத்தேன். "சாமி, பேட்ஜ திருப்பிக் குடுக்கணுமாம், ஆனா நீ அதுக்காக..." நான் முடிப்பதற்குள் அவள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள். ஸ்ட்ராவையும் கேட்டு வாங்கினேன். பென்சில் டப்பாவில் இன்னும் இரண்டு இருந்தன.

மறுநாள் காலையில் வயிறு வலிக்கவில்லை. நான் கேட்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அன்று சாயங்காலம் வேன் நிற்பதற்கு முன்பே அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா! எம் பேர போர்டுல எழுதிட்டாங்க!"

வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. நன்றாகப் படிக்கும் பிள்ளை, கெட்ட பேர் வாங்கிக்கொண்டு வருகிறதே.

"பேசுனியா?"

"ஆமா! மூணு இன்ட்டு!" அவள் குதித்து இறங்கினாள். "கிளாஸ்லயே எனக்குத்தான் நெறைய!"

"மிஸ் நிக்க வெச்சாங்களா?"

"நாங்க ஏழு பேரு நின்னமே! வரிசையா! நின்னுட்டும் பேசுனம்!"

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். மாடிப்படி ஏறும்போது ஆரம்பித்தவள், கை கால் கழுவும்போதும் நிறுத்தவில்லை, வாயில் தோசை இருந்தபோதும் நிறுத்தவில்லை. நிதானமாக மென்று தின்னச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு தோசையை வார்த்துப் போட்டுவிட்டு, "அப்பறம்?" என்றேன்.