அண்ணன் செய்லிங்கில் இருந்தார்

அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்கள் உட்கார்ந்து படியுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் எழுதுகிறான். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது காமயகவுண்டன்பட்டி. சின்ன வயதில் நாங்கள் கண்ட பெரிய தண்ணீர் எங்கள் ஊர் ஆறும் லோயர் கேம்ப் கால்வாயும்தான். அப்படிப்பட்டவர் தூத்துக்குடி போய்க் கப்பலின் மேல்தளத்தில் டெக் வேலைக்குச் சேர்ந்தார். யார் கேட்டாலும், "செய்லிங்ல இருக்கேன்" என்பார்.

அப்பா இறந்தபோது அண்ணன் நடுக்கடலில். நாங்கள் அடித்த தந்தி கப்பல் கம்பெனிக்குப் போய், கம்பெனி கப்பலுக்குச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். மூன்று மாதம் கழித்து வந்த அண்ணன், பெட்டியை இறக்கிய கையோடு ஆற்றுக்குப் போய் மொட்டை போட்டார்.

"கருமாதி முடிஞ்சு மூணு மாசமாச்சு. இப்ப யாருக்குண்ணே மொட்டை? சினிமாவா எடுக்குறாக?" என்று சித்தப்பா மகன் ஊர் நடுவில் சிரித்தான்.

அன்று சாயங்காலம், "செய்லிங்னா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"முன்னாடி கப்பல்ல துணியைக் கட்டி, காத்தைப் பிடிச்சு ஓட்டுனாக ஆத்தா. அந்தத் துணிக்கு இங்கிலீஷ்ல செயில்னு பேரு. நம்ம ஆளுக கோரைப்பாய், ஓலைப்பாயைக் கட்டுனாக, அதான் பாய்மரக் கப்பலுங்கிறோம். இப்ப துணியுமில்ல, பாயுமில்ல, இன்ஜின்தான். பேரு மட்டும் நின்னுபோச்சு. கப்பல் கரையை விட்டுக் கிளம்புறதுக்கும் அதே பேருதான். கிளம்பிட்டா ஒரு ஆளுக்காகத் திரும்பாது."



அன்றிலிருந்து, கொள்ளி வைத்தவனுக்கே முதல் திருநீறு என்று சித்தப்பா மகன் கோயிலில் முன்னால் போய் நின்றான். கப்பலை விட்டு வந்து ஓடைப்பட்டியில் திராட்சை போட்ட பிறகும் அண்ணன் போட்டிக்குப் போகவில்லை. பின்னால் நின்றே வாங்கிப் பூசிக்கொண்டார். எனக்குத்தான் வயிறு எரியும்.

போன வாரம் சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்து, "அக்கா, மலர்ல கப்பலை எழுதாத. அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவருன்னு ஊரு பேசும். திராட்சை விவசாயின்னு போடு, மரியாதையா இருக்கும்" என்கிறான்.

"ஏலே, ஊரு எங்கடா பேசுச்சு? நீதான பேசுன!"

"அத்தை, விடுங்க" என்றான் அண்ணன் மகன்.

"நீ எழுதுடா. உங்கப்பன் திருடப் போகல, செய்லிங் போனாக."

படத்துக்குக் கீழே ‘கப்பல் தொழிலாளி’ என்றுதான் போட்டிருக்கிறது.

கடைசி நாட்களில் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டிய மதினிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சித்தப்பா மகனுக்கும் ஒரு வார்த்தை. நீ அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதுதான் உனக்கு நான் சொன்ன நன்றி. அந்தக் கொள்ளியை இத்தனை வருடமாக என் அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாய். அதற்கு நன்றி கிடையாது.