பூட்டனின் மூன்று பிறந்த ஆண்டுகள்

சுவிஸின் வின்டர்தூர் நகர முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த பெரியவர், ஒருகாலத்தில் அகதி மனுக்களை விசாரித்த அதிகாரி. கட்டிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். பூதக்கண்ணாடியை அதில்தான் துடைப்பார். நோர்வேயில் இரும்பு உருக்கிய தன் முன்னோரைப் பழைய தேவாலயப் பதிவேடுகளிலும் குடிசன மதிப்பீடுகளிலும் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே பூட்டனுக்கு மூன்று பதிவுகளில் மூன்று பிறந்த ஆண்டுகள்.

"எது சரி?" என்றேன்.

"அதை விடுங்கோ. பாவப்பட்ட சனம், ஆர் திகதி எழுதி வைச்சது?" என்று வாஞ்சையோடு சிரித்தார்.

என் அண்ணனின் பிறந்த திகதி இரண்டு கடதாசிகளில் ஒரு மாதம் வேறுபட்டதற்கு, அவனுடைய அகதி மனுவில் 'நம்பத்தகாதவர்' என்று எழுதி அவனை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன் கீழிருந்த கையெழுத்து இவருடையதா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பில் இருந்த இரக்கம் உண்மையானது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.